கழலாப் போல்ட்டும் அதன் உரையாசிரியர்களும்

பழைய மாருதி 800 காரின் லோயர் ஆர்ம் புஷ்ஷை வீட்டு வாசலிலேயே மாற்றுவது பற்றித் தமிழாய்வுலகம் இன்னும் வாய் திறக்காமலிருப்பது வியப்புக்குரியது. 1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்து, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றுபோன கார் அது. ஆராய்ச்சிக்கு வேண்டிய தொன்மையும் துருவும் அதற்கு இப்போது கூடிவந்திருக்கின்றன.

முதலில் பொருள் விளக்கம். இக்காரின் முன்சக்கரங்களைத் தாங்குவது மேக்ஃபர்சன் ஸ்ட்ரட். ஏர்ல் மேக்ஃபர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் வகுத்த இந்த அமைப்பு, 1950-இல் இங்கிலாந்து ஃபோர்டின் கான்சல், செஃபர் கார்கள் வழியாகப் பேர் பெற்றது. ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக மேலே நிற்க, லோயர் ஆர்ம் கீழிருந்து சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆர்ம் காரின் உடலோடு சேரும் இடத்தில் ஒரு ரப்பர் புஷ். இரண்டு இரும்புகளுக்கு நடுவே பேச்சுவார்த்தை நடத்தும் தரகர் அது. ரப்பர் வெடித்துவிட்டால் இரும்புகள் நேரிலேயே பேசிக்கொள்கின்றன. வேகத்தடைதோறும் கேட்கும் 'டொக்' அதுதான். மெக்கானிக் ஏறி உட்கார்ந்ததும் அந்த ஓசை மறைந்துவிடும் என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடில்லை. வீட்டிலேயே வேலை பார்க்கும் வழக்கம் தோன்றியதும் இதனால்தான் என்க.

நோய் நாடும் முறை சுருக்கமானது. காரின் மூக்கை அழுத்தி விடுக. எழுந்து அடங்காமல் குதித்துக்கொண்டே இருந்தால் ஷாக் போயிற்று. சக்கரத்தைத் தூக்கி, கடிகாரத்தின் 12-6 இடங்களில் பிடித்து ஆட்டுக. ஆடினால் பால் ஜாயின்ட் அல்லது பேரிங். 9-3 இடங்களில் ஆடினால் டை ராட் எண்ட். புஷ்ஷைக் கம்பியால் நெம்பிப் பார்க்க வேண்டும்.

ஆய்வின் உயிர்நிலை இனித்தான். ஆர்மைக் காரின் உடலோடு பிணைக்கும் போல்ட்டின் நட்டு எளிதில் கழன்றுவிடும். போல்ட் வராது. என்னை? புஷ்ஷின் நடுவே உள்ள இரும்புக் குழலும் போல்ட்டும் பல மழைக்காலம் ஒன்றாயிருந்து துருவால் ஒட்டிப்போயினவாகலின். ஸ்பானரைத் திருப்பினால் இரண்டும் சேர்ந்தே சுழலும், ரப்பரையும் முறுக்கிக்கொண்டு.

வாசலில் கார் ஜாக்கியில் ஏறிய செய்தி தெருவில் எப்படிப் பரவுகிறது என்பது தனி ஆய்வுக்குரியது. 'போல்ட் வரவில்லை' என்னும் மூலம் ஒன்றே, உரைகள் மூன்று. மாடிவீட்டு ஓய்வுபெற்ற அதிகாரி ஊறலார் மரபினர்: "மண்ணெண்ணெய ஊத்திட்டு நாளைக்குப் பாருங்க சார், தன்னால வரும்." எதிர்வீட்டுக்காரர் அடியை நம்புபவர். அடியார்க்கு நல்லார் என்ற பெயர் சிலப்பதிகார உரையாசிரியருக்கு முன்பே போய்விட்டதால் இவரைச் சுத்தியலார் எனச் சுட்டுவோம். மூன்றாமவர் இஸ்திரி வண்டிக்காரர். தம் தொழில் அறிவால் சூடு காட்டச் சொல்கிறார். உள்ளே ரப்பர் இருப்பதை அவர் கணக்கில் கொள்ளாததால் இவ்வுரை புகையோடு முடியும்.

நம் துணிபு: ஊறலாருக்கும் சுத்தியலாருக்கும் பகையில்லை. துரு இளக்கும் எண்ணெயை அடித்து இரவு முழுக்க விட வேண்டும். பிறகு நட்டைப் போல்ட்டின் முனையோடு சமமாகும்வரை திரும்ப மாட்டி, அதன்மேல் அடிக்க வேண்டும். வெறும் முனையில் அடித்தால் அது பூத்து, மரை கெட்டு, எந்தப் பக்கமும் வராது. ஸ்பானருக்குப் பழைய தண்ணீர்க் குழாய்த் துண்டொன்றைச் செருகிக் கை நீட்டலாம். கழற்றும் திசையிலேயே மல்லுக்கட்டாமல், முன்னும் பின்னுமாகத் திருப்புவது நலம். இத்தனைக்கும் மசியவில்லையென்றால் ஆக்சா பிளேடு.

ஒன்றில் மட்டும் பாடபேதம் கிடையாது. ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் கீழே தலையை நீட்டக் கூடாது, ஸ்டாண்டு வேண்டும். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் சொல்லாமல் உடையும்.

மாட்டுதல் பற்றி நூலோர் அதிகம் பேசுவதில்லை. சென்னைப் புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளில் புஷ் மட்டும் கேட்டால் "ஆர்மோட எடுத்துக்குங்க சார், வேலை மிச்சம்" என்பார்கள், உண்மை. ஆனால் பலர் தவறவிடும் நுட்பம் ஒன்றுண்டு. சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கக் கூடாது. அப்படி இறுக்கினால் ரப்பர் அந்த நிலையையே இயல்பாகப் பிடித்துக்கொள்ளும். கார் தரையில் நிற்கும் நேரமெல்லாம் முறுகியே கிடந்து சீக்கிரம் கிழியும். காரை இறக்கி, எடை சக்கரத்தில் நின்றபின் கடைசி இறுக்கு. உரையாசிரியர் மூவரும் இவ்வேளையில் காபி குடிக்கப் போயிருப்பார்களாதலால் இந்நுட்பம் தெருவில் பரவவில்லை.

இறுதியாக வீல் அலைன்மென்ட். அந்தக் கடைப் பையனே நம் ஆய்வேட்டின் புறத்தேர்வாளன். குனிந்து பார்த்து அவன் கேட்கும் கேள்வி ஒன்றே: "யாரு சார் இதுல கை வெச்சது?" 'ஊருக்குப் போயிருந்தப்போ அங்க ஒரு மெக்கானிக்' என்பதே வழிவழி வந்த விடை.