கேட்டால் சொல்லிவிடுவார்

எல்லாக் குடியிருப்பிலும் இப்படி ஒருவர் இருப்பார். 'எப்படி இருக்கீங்க சார்?' என்று கேட்டால் பதில் சொல்லிவிடுவார்.

நாம் நடையை நிறுத்தாமல் கேட்டிருப்போம். அவர் நின்றுவிடுவார். சுவரைப் பிடித்துக்கொண்டு செருப்பைக் கழற்றி, கால் பெருவிரலைக் காட்டுவார். யூரிக் ஆசிட். சட்டைப்பையிலிருந்து மாத்திரை அட்டை வரும், பாதி காலி. போன வாரம் வரை எந்தக் கம்பெனி மாத்திரை, இப்போது ஏன் மாற்றினார்கள் என்பது தனி அத்தியாயம்.

'சாப்டாச்சா?' என்று கேட்டுத் தப்பிக்கப் பார்ப்பவர்கள் புதிதாகக் குடிவந்தவர்கள். சாப்பிட்டது என்ன என்பதோடு, அது இப்போது நெஞ்சில் எந்த இடத்தில் நிற்கிறது என்பதையும் தொட்டுக் காட்டுவார். முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருக்கும் பையைப் பார்த்தபடியே, 'என்ன, மார்க்கெட் போயிட்டு வர்றீங்களா?' என்று ஒருவர் கேட்டார். பை திறந்தது. கத்தரிக்காய் விலை வரைக்கும் கேட்டுவிட்டு ஆபீசுக்குத் தாமதமாகப் போனார் பாவம்.

நியூகினியை ஒட்டிய டிரோபிரியாண்ட் தீவுகளில் தங்கி ஆராய்ந்த மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி, 1923இல் ஒரு கட்டுரையில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். நலம் விசாரிப்பதும் வானிலை பேசுவதும் தகவல் அறிய அல்ல. வாய் திறக்காமல் நிற்கிற ஆள்மீது மனிதனுக்கு இயல்பாகவே பயம், அந்தப் பயம் போகத்தான் என்றார். 'இவ்விடம் அனைவரும் நலம், அவ்விட நலமறிய ஆவல்' என்று நம் தாத்தாக்கள் கார்டில் எழுதியதும் அந்தக் கணக்கில்தான். அந்த ஆவலை நம்பி யாரும் மூன்று பக்கத்துக்குப் பதில் போட்டதில்லை. (இவருடைய தாத்தா போட்டிருக்கலாம்.)

நான் 'ஹலோ'வுக்கு மாறினேன். தொலைபேசி வந்த புதிதில் கிரகாம் பெல்லுக்குக் கப்பல்காரர்களின் 'அஹோய்'தான் பிடித்திருந்தது. எடிசனோ 1877இல், கூப்பிடத் தனியாக மணி எதற்கு, 'ஹலோ' என்றால் 10, 20 அடிக்குக் கேட்குமே என்று கடிதம் எழுதினார். வெறும் கூப்பாடு. அதில் கேள்வியே கிடையாது; பதிலுக்கும் வழியில்லை.

மறுநாள் காலை மாடிப்படியில் எதிர்ப்பட்டார். 'ஹலோ சார்!' என்று கையைத் தூக்கினேன்.

'என்ன, குரல் கம்மியிருக்கே? சளியா? எனக்கும் போன மாசம் இப்படித்தான் ஆரம்பிச்சுது' என்றபடி படியில் உட்கார்ந்தவர், சற்று நகர்ந்து எனக்கும் இடம் விட்டார்.