ஹாம் மறுப்பியல்: பூம்புகார்ப் படலம்

ஹாம் ரேடியோவில் எது புதிதாக வந்தாலும் ‘இது ரேடியோவே அல்ல’ என்று சொல்லும் மரபை ஆராயப் பூம்புகாரே தக்க இடம். இங்கே சான்று கேட்பவருக்குக் கடலைக் காட்டினால் போதும். இக்கட்டுரையின் மூலநூல்கள் யாவும் கடல்கோளில் போயின. இல்லாத நூலை மேற்கோள் காட்ட உரையாசிரியர்களுக்கு இருந்த உரிமை எமக்கும் உண்டு.

மறுப்பாளர் நால்வகையர்.

முதலாமவர், தீப்பொறி டிரான்ஸ்மிட்டரை விட்டு வால்வுக்கு வர மறுத்தோர். 1920களோடு முடிந்தனர், அனுதாபங்கள்.

இரண்டாமவர், எஸ்.எஸ்.பி. என்ற புதிய குரல் முறை வந்தபோது ‘வாத்து கத்துகிறது’ என்று பழைய ஏ.எம்.மிலேயே நின்றோர். அவர்களின் சீடர்கள் இன்று எஸ்.எஸ்.பி.யில் வந்து பழம்பெருமை பேசுகிறார்கள்.

மூன்றாமவர் மோர்ஸார். இங்கேதான் ஆய்வு சூடு பிடிக்கிறது. மோர்ஸ் தேர்வு வைப்பதும் விடுவதும் அந்தந்த நாட்டின் விருப்பம் என்று 2003இல் ஜெனீவாவில் கூடிய உலக வானொலி மாநாடு சொல்லிவிட்டது. அமெரிக்கா 2007இல் கைகழுவியது. இந்தியாவில் 2013 ஜூலையில் தந்திச் சேவையே நின்றது. அதற்குப் பின்னும் ஜெனரல் கிரேடு உரிமம் வேண்டியவர் நிமிடத்துக்கு 8 சொல் தட்டிக் காட்ட வேண்டியிருந்தது.

மோர்ஸாருக்குள்ளும் கிளைப்பூசல் உண்டு. கை-கீயார் நெறிப்படி, கட்டைவிரலும் நடுவிரலும் குமிழின் ஓரத்தைப் பற்ற, சுட்டுவிரல் மேலே அமர, மணிக்கட்டு ஏறி இறங்க வேண்டும். பேடிலாருக்கோ கட்டைவிரல் பட்டால் டிட் (புள்ளி), சுட்டுவிரல் பட்டால் டா (கோடு). நீளத்தை மின்சுற்று பார்த்துக்கொள்ளும். ‘அளப்பது மெஷின் என்றால் அனுப்பியது யார்?’ என்பது கை-கீயார் தொடுக்கும் வினா. இதற்கு விடை, மூழ்கிய முதல் நூலின் ஏழாம் இயலில் இருந்ததாக மூழ்கிய இரண்டாம் நூலின் அடிக்குறிப்பு கூறியதை, மூழ்கிய மூன்றாம் நூல் நனைவதற்கு முன் அதைப் புரட்டிப் பார்த்தவரின் பேரன் வழிச் செய்தி உறுதிசெய்கிறது. ஐயமுள்ளோர் மூச்சடக்கிக் குளித்துப் பார்க்கலாம். உப்புக்காற்றில் தொடுமுனை களிம்பேறி டிட்டுகள் விழுங்கப்படும்போது, அதையே தனி நடை என்று கொண்டாடிய காவிரிமுகக் கிளை ஒன்றும் இருந்திருக்கலாம். (‘இருந்திருக்கலாம்’ என்பது நம் கருத்தரங்குகளில் கல்வெட்டுக்கு நிகர்.)

ஏரியல் பற்றி ஒரே வரி: 7 மெகாஹெர்ட்ஸ் டைபோலுக்கு 20 மீட்டர் கம்பி, இரண்டு தென்னை, கருத்து வேற்றுமை தென்னையின் சொந்தக்காரரோடு மட்டும்.

நான்காமவர் எஃப்டி8 மறுப்பாளர். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃப்ராங்கேயும் 2017இல் கொண்டுவந்த இம்முறையில், 15 விநாடிக்கு ஒரு தரம் கணினிகள் முறைவைத்துப் பேசிக்கொள்கின்றன. ‘மனுஷன் பேச வேண்டாமா சார்?’ என்று கொதிப்பவர், காதில் விழுந்தும் விழாத சிக்னலுக்கும் 59 என்று முழு மதிப்பெண் கொடுத்து, ஊரும் வெயிலும் சொல்லி, 73 என்று வாழ்த்துப் போட்டு நகர்பவர்.

2004 டிசம்பர் 26, சுனாமியன்று போர்ட் பிளேரில் இருந்த ஹாம்கள், தொடர்பு அறுந்த தீவிலிருந்து வெளியுலகுக்குச் செய்தி சேர்த்தார்கள். எது உண்மையான ரேடியோ என்ற வாதம் அன்று அங்கே நிகழ்ந்ததற்குச் சான்றில்லை. ஆகவே அது நம் ஆய்வெல்லைக்குப் புறம்பானது.

எஃப்டி8க்கு அடுத்து வரப்போவதை எதிர்த்து எஃப்டி8காரர்கள் வெளியிடவிருக்கும் கண்டன நூலுக்கு அணிந்துரை எழுதி வைத்திருக்கிறேன். நூலின் பெயருக்கும் ஆண்டுக்கும் மட்டும் இடம் விட்டிருக்கிறது.