திருப்புளி வைத்திருப்பவரை நம்பலாமா?

பெரிய கம்பெனிகளில் தகவல் பாதுகாப்புத் துறை என்று ஒன்று உண்டு. அங்கிருப்பவர்கள் நாள் முழுக்கத் திறந்து வைத்திருப்பது எக்செல் கோப்பு; ஆயுளில் திறக்காதது ஒரு கம்ப்யூட்டர். ரிச்சி தெருவில் பழைய மதர்போர்டு பொறுக்கி வந்து ராத்திரியெல்லாம் நோண்டுகிற ஆசாமி அந்த வேலைக்கு வந்தால், சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்பார்கள். பையில் திருப்புளி இருப்பது தெரிந்தால் வாசலிலேயே நிறுத்துவார்கள். என் கட்சி நேரெதிர். பெட்டியைக் கழற்றிப் பார்க்காதவர் அதற்குப் பாதுகாப்பு விதி எழுதுவது, அடுப்படிப் பக்கமே போகாத பெரியப்பா கல்யாணப் பந்திக்கு மெனு போடுவது மாதிரி. தாளில் பிரமாதமாக இருக்கும். இலையில் என்ன விழும் என்பது வேறு விஷயம்.

ஆடிட்காரர் வருகிறார். ‘பயாஸ் பாஸ்வேர்டு போட்டாச்சா?’ போட்டாச்சு. டிக். பழைய டெஸ்க்டாப் பலவற்றில் அந்தப் பாஸ்வேர்டுக்கு உயிர் கொடுப்பது, ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு மதர்போர்டில் உட்கார்ந்திருக்கும் சிஆர்2032 பேட்டரி. கரண்ட்டைப் பிடுங்கிவிட்டு, அதை நகத்தால் நெம்பி எடுத்து, ஒரு டீ குடித்துவிட்டு வந்து மறுபடி மாட்டினால் பாஸ்வேர்டும் போச்சு, கடிகாரமும் ஏதோ ஒரு பழைய ஜனவரி முதல் தேதிக்குப் போய்விடும். இப்போதைய லேப்டாப்களில் இந்த வித்தை பலிக்காது. பாஸ்வேர்டு தனி சிப்பில் இருக்கிறது. எது பலிக்கும், எது பலிக்காது என்பது டிக் அடித்தவருக்குத் தெரியாது, நோண்டினவருக்குத் தெரியும். ‘டிஸ்க் முழுக்க என்கிரிப்ட் செய்திருக்கிறோமே’ என்பார்கள். நல்லது. 2024 பிப்ரவரியில் ஒருவர், பத்து டாலர்கூடப் பெறாத ராஸ்பெர்ரி பை பிக்கோ சர்க்யூட்டை ஒரு பழைய லேப்டாப்பின் மதர்போர்டில் அழுத்திப் பிடித்து, பிட்லாக்கர் என்ற டிஸ்க் என்கிரிப்ஷனின் சாவியை 43 நொடியில் எடுத்துக் காட்டினார். பூட்டில் குற்றமில்லை. சாவியை வைத்திருந்த டிபிஎம் சிப், அதை பிராசசருக்கு அனுப்பும்போது மூடி அனுப்பவில்லை, அவ்வளவுதான். பூட் ஆகும்போது பின் நம்பர் கேட்க வைத்தால் இந்த வழி அடைபடும். அதை வைக்க வேண்டும் என்று தோன்றுவதற்கு, இரண்டு சிப்புக்கும் நடுவே கம்பி ஓடுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

‘திருட்டு வருவது பெட்டி வழியாகவா? மெயிலில் வந்த லிங்க்கை அமுக்குகிறவர் வழியாக. அவரைத் திருப்புளியால் முடுக்க முடியுமா?’ என்று கேட்கலாம். பெரும்பாலும் உண்மை. ஆனால் நோண்டுகிறவரின் குணம் இரும்போடு நிற்பதில்லை. எதையும் இயக்கிப் பார்த்த பிறகுதான் நம்புவார். பாஸ்வேர்டு விதியை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய எழுத்து, எண், குறியீடு கலக்க வேண்டும், அடிக்கடி மாற்ற வேண்டும் என்ற வழக்கம் பரவியதில் 2003-இல் அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனத்துக்காக பில் பர் எழுதிய வழிகாட்டிக்குப் பெரிய பங்குண்டு. 2017-இல் அவரே பத்திரிகையிடம் அதற்காக வருத்தம் தெரிவித்தார். அதே ஆண்டு, களவு போனதற்கு அடையாளம் இல்லாமல் மாற்றச் சொல்லாதீர்கள் என்று நிஸ்டும் திருத்திக்கொண்டது. நம் ஆபீஸ்களுக்கு அந்தச் சேதி இன்னும் வந்து சேரவில்லை போலிருக்கிறது. ‘சென்னை@123’ வைத்திருந்தவர் காலாண்டுக்கு ஒருமுறை ஒன்றைக் கூட்டி இந்நேரம் ‘சென்னை@141’-இல் இருப்பார். நாலு பேரிடம் கொடுத்துப் பார்த்திருந்தால் முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும்.

இன்னொரு ஆட்சேபம் வலுவானது. இவர்கள் கை சும்மா இருக்காது. வாரண்டி ஸ்டிக்கரைக் கிழிப்பார்கள், ஊடுருவல் நடந்த மெஷினை ஆர்வக்கோளாறில் ஆஃப் செய்து, ராமில் இருந்த தடயத்தை அழித்துவிடுவார்கள். ஒப்புக்கொள்கிறேன். வேலையில் இருக்கும் மெஷினைத் தொடக் கூடாது என்று அவர்களுக்குக் கண்டிப்பான விதி வேண்டும். ஆனால் கரண்ட் போனதும் ராமில் இருப்பது அந்தக் கணமே அழிந்துவிடாது என்பதை 2008-இல் ஊருக்குக் காட்டியவர்களும் இந்த ஜாதிதான். பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள், கீபோர்டு தூசி ஊதும் ஸ்பிரே டப்பாவைத் தலைகீழாகப் பிடித்து ராமைக் குளிரவைத்து, உள்ளே இருந்த சாவியை எடுத்தார்கள்.

சான்றிதழா திருப்புளியா என்ற வழக்கு 2024 ஜூலை 19 அன்று தானாகவே விசாரணைக்கு வந்தது. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு கோளாறான அப்டேட், உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்களை நீலத்திரையில் நிறுத்தியது. விமானங்கள் ரத்தாயின. பூட்டே ஆகாத மெஷினை உட்கார்ந்த இடத்திலிருந்து எப்படிச் சரிசெய்வது? ஒவ்வொன்றிடமும் போய், சேஃப் மோடில் ஏற்றி, ஒரே ஒரு கோப்பை அழிக்க வேண்டியிருந்தது. பிட்லாக்கர் போட்டிருந்தால் அதற்கும் முன்னால் 48 இலக்க மீட்பு எண்ணைத் தட்ட வேண்டும். ஒருவர் போனில் படிக்க, இன்னொருவர் தரையில் குந்தித் தட்ட, நடுவில் ‘ஆறா, எட்டா?’ அன்றைக்கு அந்த வேலைக்கு நின்றவரிடம் யாரும் சான்றிதழ் கேட்டிருக்க மாட்டார்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பாதுகாப்புத் துறைக்கு ஒரு மேசை, கழித்துக் கட்டிய லேப்டாப் நாலைந்து, ஒரு திருப்புளி செட். மேசையும் லேப்டாப்பும் கிடைத்துவிடும். செட்டுக்குத்தான் கொள்முதல் துறையிலிருந்து கேள்வி வரும்: இதற்கு வருஷத்துக்கு எத்தனை லைசென்ஸ்?