அடிவயிற்றில் புளி

செங்கல்பட்டில் வீடு, தவணையில் வாங்கிய கார், ஞாயிறு மாலையானால் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போய்க் காற்று வாங்கித் திரும்பும் பழக்கம், இந்த மூன்றும் வாய்த்த குடும்பத் தலைவர்கள் நிறையப் பேர். அவர்களுக்குள் காற்று வாங்கப் போன இடத்திலேயே அந்தக் காற்றைக் கண்டு நடுங்குகிற ஓர் உட்பிரிவு உண்டு. வசதிக்காக அதில் ஒருவரைத் துருவஞ்சியார் என்று அழைப்போம். மைலேஜ் கவலை அவருக்குப் பழகிப் போய்விட்டது. பெட்ரோல் விலைக்கு அழுது கண்ணீர் வற்றிவிட்டது. வண்டியின் அடிவயிற்றை நினைத்தால்தான் அவருடைய அடிவயிற்றில் புளி கரையும். மனைவி மக்கள் கடலைப் பார்த்துக்கொண்டிருக்க, இவர் வாகன நிறுத்தத்தில் முழந்தாளிட்டு, செல்போன் டார்ச்சை அடித்துக் காரின் அடியைப் பார்ப்பார். பக்கத்து வண்டிக்காரர் சாவியைத் தொலைத்துவிட்டாரோ என்று இரக்கப்பட்டுக் குனிந்தால், "உப்புக் காத்து சார், சும்மா விடாது" என்று ஆரம்பித்துவிடுவார். அவர் வாதம் எளிமையானது: கடலோரம் உப்பு, உப்பு பட்டால் துரு, துருவுக்கு மருந்து அண்டர்பாடி கோட்டிங். இதில் ஒவ்வொரு வாக்கியமும் சரி. மூன்றையும் கூட்டினால் மட்டும் விடை தப்பாக வருகிறது.

உப்பைப் பற்றி அவர் சொல்வதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். இரும்பு துருப்பிடிக்க நீரும் பிராணவாயுவும் போதும். உப்பு அந்த வேலைக்கு மேஸ்திரியாக வந்து சேர்கிறது. தண்ணீரில் மின்சாரம் எளிதாக ஓட வழி செய்கிறது, உலோகத்தின் மேல் தானாகப் படியும் காப்புப் படலத்தைக் குளோரைடு குலைக்கிறது. போதாததற்குக் காற்றிலுள்ள ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்கிறது. ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பே கசியும். கடலுப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு அதில் பாதிகூட வேண்டாம். அதனால் கடலோரத்தில் நிற்கும் தகடு மழையே பெய்யாத இரவிலும் நனைந்துதான் கிடக்கிறது. காரைக்குடியில் 1948-ல் அடிக்கல் நாட்டப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் கடலோர ஊரான மண்டபத்தில் ஒரு சோதனைத் திடல் வைத்து, உலோகத் தகடுகளைக் கடற்காற்றில் காயவிட்டு அரிப்பை அளந்துவருகிறது. இந்தியாவுக்கே அரிப்பு வரைபடம் போட்ட நிறுவனம் அது. இந்தத் தகவல் துருவஞ்சியாருக்கும் தெரியும். வாய்ப்புக் கிடைத்தால் பாம்பன் பாலத்தையும் சாட்சிக்கு இழுப்பார். அவர் சொல்லாமல் விடுவது ஒன்றுதான். அலை உடைந்து தெறிக்கும் உப்புத் துளியில் பெரும்பகுதி கரையை ஒட்டிய சில நூறு மீட்டருக்குள்ளேயே விழுந்துவிடும்; உள்ளே போகப் போக அளவு மளமளவென்று குறையும். செங்கல்பட்டோ கடலிலிருந்து 20 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கிறது. புயல் வந்தால் என்ன செய்வது என்று கேட்பார். 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டிக் கரையைக் கடந்தபோது அவர் கண்ணை மூடியிருக்க மாட்டார். புயல் உப்பைத் தூக்கி வருவது உண்மைதான். கொண்டுவந்த கையோடு அதைக் கழுவிவிடும் மழையையும் புயலேதான் கூட்டி வருகிறது.

ஆக, அவர் வண்டிக்கு உண்மையான ஆபத்து வாரத்தில் மாமல்லபுரத்தில் நிற்கும் மூன்று மணி நேரம்தான், அதுவும் அவர் எங்கே நிறுத்துகிறார் என்பதைப் பொறுத்தது. ராஜசிம்ம பல்லவன் காலத்துக் கடற்கரைக் கோயிலை உப்புக் காற்று அரிக்கிறது என்று தொல்லியல் துறை சவுக்கு வளர்த்திருக்கிறது. அலை வராமல் கல் கொட்டியிருக்கிறது. காகிதக் கூழை அப்பிக் கல்லுக்குள் ஊறிய உப்பை உறிஞ்சி எடுக்கிறது. கல்லுக்கே சவுக்கு நிழல் தேவைப்படும் ஊரில், துருவஞ்சியார் சவுக்குத் தோப்பைத் தாண்டி, அலை தெரிகிற இடமாகப் பார்த்து, வண்டியின் மூக்கைக் கடலுக்கு நேராகத் திருப்பி நிறுத்துவார். காரில் உட்கார்ந்தபடியே கடலைப் பார்க்கலாம் அல்லவா? கேட்டால், "அதான் கோட்டிங் போட்டிருக்கோமே" என்பார்.

அந்தக் கோட்டிங் போட்ட நாளைச் சொல்ல வேண்டும். ஷோரூமில் சாவி கொடுப்பதற்கு முன், டை கட்டிய இளைஞர் ஒருவர் "சார் வீடு எந்தப் பக்கம்?" என்று கேட்பார். செங்கல்பட்டு என்றால் முகத்தில் ஒரு கவலை, அடிக்கடி ஈ.சி.ஆர். போவோம் என்றால் துக்க வீட்டு மௌனம். சிறிய காருக்குச் சுமார் 3,000 ரூபாய், பெரிய எஸ்யூவிக்கு 7,000, 8,000 என்று பில் ஆகும். அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. பத்து லட்சம் கொடுத்தவர் இதற்கா கணக்குப் பார்ப்பார்? அம்பாசடர், பத்மினி ஓடிய நாளில் அது நியாயமான செலவு. இன்றைய காரின் உடற்கூட்டை ஆலையிலேயே வண்ணத் தொட்டியில் முழுவதுமாக முக்கி, மின்சாரம் பாய்ச்சி, கை நுழையாத இடுக்கிலும் பூச்சுப் படியவைத்துச் சுட்டெடுக்கிறார்கள். பல மாடல்களில் தகடே துத்தநாகம் பூசியது. அண்டர்பாடி கோட்டிங் என்ற பழக்கம் பிறந்ததே பனி உருகுவதற்காகச் சாலையில் உப்பைக் கொட்டும் நாடுகளில். நம் சாலையில் உப்புநீர் தெளிப்பது, ஐஸ் உருகி ஒழுகப் போகும் மீன் வண்டி மட்டும்தான். செங்கல்பட்டுக்குப் பக்கத்திலேயே, மறைமலை நகரில் ஃபோர்டு ஆலை செய்த எக்கோஸ்போர்ட் கார்கள் 2018 முதல் அந்த உப்புச் சாலை அமெரிக்காவிலேயே விற்கப்பட்டன. (2022-ல் அந்த ஆலை கார் தயாரிப்பை நிறுத்தியதற்கும் துருவுக்கும் சம்பந்தமில்லை.) "வெளிநாட்டுக்குப் போறதுக்கு வேற, நமக்கு வேற சார்" என்பது துருவஞ்சியாரின் பதில். ஏற்றுமதி வண்டிக்குக் கூடுதலாக ஏதாவது பூசியிருக்கலாம். ஆனால் முக்கி எடுக்கும் தொட்டியை நாட்டுக்கு ஒன்றாக எந்த ஆலையும் கட்டுவதில்லை.

வீண் செலவு என்பதோடு போனால்கூடப் பரவாயில்லை. ரப்பர் கலந்த கறுப்புப் பூச்சு நாளடைவில் இறுகும். கல் தெறித்து விரிசல் விடும். விரிசலில் புகுந்த ஈரம் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே குடியிருக்கும். மேலே பார்த்தால் பளபளப்பு, கீழே பொருக்கு. கதவின் அடியிலும் பக்கவாட்டுச் சட்டங்களிலும் தண்ணீர் வடிய ஆலைக்காரர்கள் விட்டிருக்கும் சின்னத் துளைகளையும், கவனமில்லாத கை சேர்த்து அடைத்துவிடும். கார் துருப்பிடிப்பது பெரும்பாலும் அந்த மாதிரி உள்ளறைகளில், உள்ளிருந்து வெளியே. சைலன்சரும் அப்படித்தான். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. நீண்ட தூரம் ஓடிச் சூடானால் அது வெளியேறும், காய்கறிக் கடைக்கும் ரயில் நிலையத்துக்கும் போய்வந்தால் குழாய்க்குள்ளேயே தேங்கும். துருவஞ்சியார் வார நாட்களில் போவது காய்கறிக் கடைக்கும் ரயில் நிலையத்துக்கும்தான்.

எல்லாவற்றுக்கும் சிகரம் அவருடைய கழுவல். கடற்கரை உப்பை வீடு வரை கொண்டுபோகக் கூடாது என்பது அவர் கொள்கை, கொள்கை உயர்ந்ததுதான். அதனால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முதலில் கண்ணில் படும் வாட்டர் சர்வீஸ் கொட்டகையில் வண்டியை ராம்பில் ஏற்றி, அடிப்பக்கம் முழுக்கப் பீச்சியடிக்கச் சொல்வார். அந்தக் கொட்டகைக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? போர்வெல்லில் இருந்து. கரையோரத்தில் நிலத்தடி நீரை இறைக்க இறைக்கக் கடல் உள்ளே புகுந்து, பல இடங்களில் வாயில் வைக்க முடியாதபடி கரிக்கிறது. இதே சாலையில் நெம்மேலியில் கடல்நீரிலிருந்து உப்பைப் பிரித்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்க 2013-ல் ஒரு நிலையம் வந்தது. 2024-ல் 15 கோடி லிட்டருக்கு இன்னொன்றும் சேர்ந்தது. அரசாங்கம் அத்தனை செலவில் உப்பை நீக்கிக்கொண்டிருக்க, அதே சாலையில் துருவஞ்சியார் காசு கொடுத்து அதை ஏற்றிக்கொண்டு போகிறார். வீட்டுக்கு வந்ததும் ஈரம் காய்வதற்குள் கவர் போட்டு மூடிவிடுவார், பனி படக்கூடாது என்று.

கரையிலேயே குடியிருப்பவர்கள் கோட்டிங் போட வேண்டாமா என்ற கேள்வி நியாயமானது. கோவளத்திலோ கொக்கிலமேட்டிலோ சதுரங்கப்பட்டினத்திலோ அலைச் சத்தம் கேட்கும் தூரத்தில் இரவும் பகலும் நிற்கும் வண்டிக்குப் பாதுகாப்பு கட்டாயம் வேண்டும். அதற்கும் இறுகிப்போகும் ரப்பரைவிட, இளகியே இருந்து இடுக்குக்குள் ஊர்ந்துபோகும் மெழுகு வகைதான் நல்லது. ஒருமுறை அடித்துவிட்டு மறக்காமல் ஆண்டுக்கு ஒருமுறை பார்த்துப் புதுப்பிக்க வேண்டும். மீன் வண்டி ஓட்டுகிறவர்கள் இதைத் தங்கள் வழியில் கண்டுபிடித்து, பட்டறையில் கழித்துவிட்ட ஆயிலை அடியில் அடிக்கிறார்கள். தகடு பிழைத்துக்கொள்ளும், ரப்பர் புஷ்கள் ஊதிக் கெடும், சொட்டுகிற எண்ணெய் மண்ணுக்குப் போகும். ஆனாலும் அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டிய வேலை இது என்ற அறிவு அவர்களுக்கு இருக்கிறது. செங்கல்பட்டுக்காரருக்கு இவ்வளவும் வேண்டாம். வீட்டுக் குழாயின் நல்ல தண்ணீர், துளைகளைக் குத்திவிட ஒரு ஈர்க்குச்சி, கவர் போடுமுன் அரை மணி வெயில். செலவு பூஜ்யத்தை ஒட்டியது. அதுதான் சிக்கலே. ஈர்க்குச்சிக்கு யாரும் பில் தருவதில்லை. பில் இல்லாத பாதுகாப்பில் துருவஞ்சியாருக்கு நம்பிக்கை கிடையாது.

விற்கும்போது விலை கிடைக்கும் என்பது அவர் கையிலிருக்கும் கடைசி வாதம். பதிவு 15 ஆண்டுக்கு இருந்தாலும் ஆறாம் ஆண்டே அவருக்கு வண்டி அலுத்துவிடும். விற்கப் போவதற்கு முதல் மாதம், எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு கோட்டிங் அடித்துத்தான் கொண்டுபோவார். புரோக்கர் டயரைக் காலால் தட்டுவார், பானெட்டைத் திறந்து மூடுவார், குனிந்து அடியில் ஒரு பார்வை பார்ப்பார். நிமிரும்போது குரல் தணிந்திருக்கும்.

"என்ன சார், அடியில புதுசா கறுப்பு அடிச்சிருக்கு? வெள்ளத்துல நின்ன வண்டியா?"

துருவஞ்சியார் பில் ஃபைலைப் பிரிப்பதற்குள் புரோக்கர் விலையில் பதினைந்தாயிரத்தைக் குறைத்துவிட்டிருப்பார்.