முன்யோசனை இல்லாத பூட்டனார்

முன்னாள் வட ஆற்காட்டின் ஏதோ ஒரு வட்ட அலுவலகத்துப் பதிவறையை ஆண்டருளும் பொறுப்பாளர் அவர்களின் சமூகத்துக்கு,

தம் பூட்டனாரின் வேரைத் தேடி டர்பனிலிருந்து வந்த மனுதாரருக்குத் தாங்கள் அருளிய பதில் மூன்றே வரி. 'வட ஆற்காடு என்ற மாவட்டம் நடைமுறையில் இல்லை. பூட்டனாரின் பிறப்புச் சான்றிதழ் இணைக்கப்படவில்லை. மனு முடித்துவைக்கப்படுகிறது.' என்ன தெளிவு, என்ன சுருக்கம்!

குற்றம் முழுக்கப் பூட்டனாருடையது. 1880களில் சென்னையில் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலியாகக் கப்பலேறிய மனிதர், தம் ஜில்லா 1989இல் இரண்டாகும், அதில் வேலூர் 2019இல் மூன்றாகும் என்று கணித்து, ராணிப்பேட்டையா திருப்பத்தூரா என்று கூலி டிப்போ குமாஸ்தாவிடம் அன்றே சொல்லியிருக்க வேண்டாமா? சான்றிதழ் வாங்காமல் வேறு பிறந்து தொலைத்திருக்கிறார். சென்னை மாகாணப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமே 1899இல்தான் வந்தது என்று மனுதாரர் சொல்லிப் பார்த்தார். சட்டம் வரும்வரை பிறக்காமல் பொறுத்திருக்கத் தெரியாதவருக்காகத் தாங்கள் என்ன செய்ய முடியும்?

1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' கப்பல் 342 பேருடன் டர்பன் சேர்ந்தது. அன்றிலிருந்து 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் சுமார் 1,52,000 பேர். ஆளுக்கு ஓர் எண். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், அங்க அடையாளம் என்று ஏட்டில் கட்டம் கட்டமாக இருக்கிறது. மொரீஷியசின் மோக்காவில், மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில், அந்தத் தீவுக்குக் கூலிகளாகப் போன பலரின் புகைப்படமே கிடைக்கும். மனுதாரர் கொண்டுவந்த நேட்டால் ஏட்டு நகலில் பூட்டனாரின் இடது முழங்கால் தழும்புகூட உண்டு. தாங்கள் அதைப் புரட்டவே இல்லை.

அந்த ஏட்டை எழுதியவனுக்குப் பூட்டனார்மேல் பாசம் கிடையாது. ஓடினால் பிடிக்கத்தான் எழுதினான். ஆனாலும் எழுதினான். இங்கே பட்டா இருந்தவன் பெயர்தான் கணக்கில் ஏறியது. நிலமில்லாதவனை ஊர் எழுதவில்லை, அரசும் எழுதவில்லை. பிழைக்க வழியில்லாமல்தான் அவர் கப்பலே ஏறினார். அவருடைய கொள்ளுப்பேரனை மூன்று நாள் வராந்தாவில் நிற்கவைத்துச் சான்றிதழ் கேட்க வாய் கூசவில்லையா?

மன்னிக்க வேண்டும், மரியாதை சற்றே தடம் புரண்டது. பட்டா இல்லாமல் பிறந்ததும் பூட்டனாரின் முன்யோசனைக் குறைவுதான்.

ஒரே ஒரு விண்ணப்பம். கப்பல் ஏட்டின் சாதிக் கட்டத்தில் எழுதியிருப்பதைப் பார்த்தால், ஊரில் தங்கிவிட்ட தம்பி வகையறாவுக்கு ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு நிலம் ஒதுக்கிய 1892 அரசாணையின்படி பஞ்சமி நிலம் கிடைத்திருக்க வாய்ப்புண்டு. அப்படியானால் தகப்பன் பெயரோடு அது பதிவாகியிருக்கும். தங்கள் பீரோவில் உள்ள பழைய 'அ' பதிவேட்டையும் நில ஒப்படைப்புக் கணக்கையும் எடுத்து மேசைமேல் வையுங்கள். பக்கத்தை மனுதாரரே புரட்டிக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு விமானம்.