நள்ளிரவுச் சமையற்கட்டு

கேள்வி: வெளிநாட்டுக்கு ஆடப் போகும் ரக்பி வீரர்கள், இரவில் ஊர் சுற்றாமல் நேரத்தோடு படுத்துறங்கினால் என்ன?

பதில்: எண்பது நிமிஷம் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து புரண்ட தேகங்களுக்குச் சிரமபரிகாரம் தலையணையில் இல்லை, மதுச்சாலையில்தான் இருக்கிறது என்பது அவ்விளையாட்டின் புராதன சித்தாந்தம். 1972 டிசம்பர் 2ஆம் தேதி கார்டிஃப் நகரில் வேல்ஸ் அணியை நியூஸிலாந்து 19-16 என்று வென்றபோது, தம் கட்சியின் ஒரே ‘டிரை’யைப் போட்ட கீத் மர்டாக் என்ற பிரம்மாண்டமான மனிதர், அன்றிரவே ஏஞ்சல் ஓட்டலில் காவலாளி ஒருவரோடு கைகலந்து, அவருக்கு ஒரு குத்தும் பிரசாதித்த காரணத்தால், பயணத்தின் நடுவிலேயே ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். சண்டை நடந்தது சமையற்கட்டுப் பக்கம் என்பதால், பசி நியாயமானதாகவே இருந்திருக்கலாம் என்பது என் அபிப்பிராயம். ஆனால் அவர் ஊர் போய்ச் சேரவில்லை. வழியில் விமானம் மாறி, ஆஸ்திரேலியாவில் இறங்கி, அந்த வனாந்தரத்தில் அஞ்ஞாதவாசம் புகுந்துவிட்டார். பாண்டவர்களுக்கு ஒரு வருஷத்தோடு முடிந்தது. இவருக்கோ ஏறக்குறைய ஆயுள் முழுவதும் நீடித்தது.

1995இல் ஆட்டம் சம்பள உத்தியோகமான பிறகு, தண்டனையும் ரொக்கமாயிற்று. அன்றைய இங்கிலாந்து ராணியின் பேத்தியை மணந்த சில வாரங்களிலேயே, 2011 உலகக் கோப்பையின்போது குயின்ஸ்டவுனில் இரவு உலாப் போன மைக் டிண்டல் என்ற இங்கிலாந்து வீரருக்கு 25,000 பவுன் அபராதம் விதித்து, அப்பீலில் 15,000 ஆக்கினார்கள்.

தாங்கள் இக்கேள்வியை மர்டாக்கிடம் நேரில் கேட்காமல் என்னிடம் கேட்டது தங்கள் தாடைக்கு க்ஷேமம்.