ஒத்தச் சட்டிக்காரனுக்கு ஒரு வார்த்தை

ஏலே பேராண்டி, ‘தாத்தா, இன்னைக்கு ஒன் பாட் பாஸ்தா, ஒரே சட்டிதான், இருபதே நிமிஷம்’னு சொன்னே. சந்தோசம். தின்னு முடிச்சுக் கைகழுவப் போனவன் தொட்டிய எட்டிப் பாத்தேன். சாசேஜ் வதக்குன வாணலி, பாஸ்தா வெந்த குண்டான், வடிச்ச வடிதட்டு, காய் வேவிச்ச ஏனம், தக்காளி அரைச்ச மிக்சி ஜாரு, சீஸ் துருவுன துருவி, கடைசில எல்லாத்தையும் கொட்டிக் கெளறுன சட்டி. ஏழு. நீ கணக்குல புலின்னு தெரியாமலா பேங்க்ல வேலை குடுத்திருக்கான்!

அதக்கூட மன்னிச்சிரலாம். அந்தக் கஞ்சிய வடிச்சுக் கீழ ஊத்துனியே, அங்கதாம்ல கோட்டை விட்டே. இத்தாலிக்காரன் 100 கிராமுக்கு 1 லிட்டர் தண்ணி, 10 கிராம் உப்புன்னு தாராளமா வச்சு வடிக்கான். அது வேற ரகம். ஒத்தச் சட்டியில வடிக்கிற பேச்சே கெடையாது. 200 கிராமுக்கு 650 மில்லி தண்ணி போதும். மாவெல்லாம் அதுலயே எறங்கிக் கொழகொழன்னு சாறாப் பிடிக்கும். நீதான போன்ல வாசிச்சுக் காமிச்சே, மார்த்தா ஸ்டூவர்ட்டுங்கிற அமெரிக்க அம்மா 2013-ல தன் பத்திரிகையில பாஸ்தா, தக்காளி, வெங்காயம், பூண்டு எல்லாத்தையும் பச்சையாவே ஒரே சட்டியில போட்டு ஒம்போது நிமிஷத்துல எறக்குனான்னு. ஊரே வாயப் பொளந்துச்சாம். உங்க ஆச்சி அம்பது வருசமா சேமியாவுக்கு அளந்து தண்ணி வச்சுக் கிண்டுனா. அவளை எவன் படம் எடுத்தான்?

இப்பக் கேளு. மொதல்ல சட்டியில எண்ணெய விட்டு, சாசேஜை வட்டம் வட்டமா நறுக்கிச் செவக்க வதக்கு. அடியில ஒட்டுதேன்னு பதறாத. கருகாத வரைக்கும் ருசியே அதுலதான் இருக்கு. அதுலயே வெங்காயம், பூண்டு, தக்காளி. அப்புறம் கொதிக்கிற தண்ணிய ஊத்தி அடிய நல்லாச் சொரண்டிவிட்டுட்டு பாஸ்தாவப் போடு. மொத ரெண்டு நிமிஷம் கிண்டிக்கிட்டே இருக்கணும், இல்லன்னா ஒண்ணோட ஒண்ணு கட்டிப் பிடிச்சுக்கிடும். அந்த ரெண்டு நிமிஷமாவது போனைச் சட்டைப்பையில போடு, ஒண்ணும் குடி முழுகிராது.

காயி? ஒத்தச் சட்டின்னா எல்லாரும் ஒரே பஸ்ஸுல ஏறணும்னு சட்டமால? கேரட்டு பாஸ்தாவோட ஏறட்டும். குடமொளகா, பட்டாணி பாதி வழியில. கீரை கடைசி ஸ்டாப்புல. கூட்டாஞ்சோத்துக்கு உங்க ஆச்சி முருங்கக்கீரைய எப்பப் போடுவா, பாத்திருக்கியா? நீ எங்க பாத்தே, நீ எலைக்கு முன்னால வந்து உக்காந்தவன்தான. உப்பை எறக்கும்போது பாத்துப் போடு. சாசேஜுக்காரன் உனக்கு முந்தியே போட்டுருக்கான். பாக்கெட்டுல பத்து நிமிஷம்னு இருந்தா எட்டுலயே ஒண்ணை எடுத்துக் கடிச்சுப் பாரு. கொஞ்சம் தளதளன்னு இருக்கையிலயே எறக்கிரு, எறக்குன பொறவும் அது தண்ணியக் குடிச்சுக்கிட்டே இருக்கும். சீஸை அடுப்பை அணைச்சுட்டுத் தூவு. கொதியில போட்டா திரிஞ்சு கட்டி கட்டியா நிக்கும்.

நீ வச்சது நல்லால்லன்னு நான் சொல்லல. ரெண்டு தட்டு தின்னேம்லா? ரெண்டாவதுக்கு நாரத்தங்கா ஊறுகா தொட்டுக்கிட்டேன், அது வேற விசயம்.

சரி, எந்திரி. உம்பொண்டாட்டி ஆபீஸ்லருந்து வர்றதுக்குள்ள அந்த ஏழையும் வெளக்கிப் போடு. கேட்டா ஒண்ணுதான்னு நான் சொல்லிக்கிடுதேன்.